மூன்றாம் மாடியில் அல்சேஷன்

மாம்பலம், அடையாறு, கீழ்ப்பாக்கம் போன்ற சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில், முன்புறம் வேப்பமரமும் பின்புறம் கிணற்றடியும் நாற்புறமும் சுற்றுச்சுவரும் கொண்டு நின்ற தனி வீடுகளின் இரும்புக் கதவில் 'நாய் ஜாக்கிரதை' என்ற பலகை தொங்கினால், உள்ளே இருப்பது அல்சேஷனாகத்தான் இருக்கும் என்று வழிப்போக்கர்கள் ஊகித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரமோட்டர்களின் கைக்குப் போய், அதே மனையில் நான்கடுக்குக் கட்டடங்கள் எழும்பி, பழைய சொந்தக்காரர் தம் பங்குக்குக் கிடைத்த மூன்றாம் மாடி வீட்டில் குடியேறியபோது, கட்டிலும் பீரோவும் பூஜை அறைப் படங்களும் மேலே ஏறிய அன்றே அந்த நாயும் மேலே ஏறிற்று. இன்று இன்னொரு வகையினரும் இவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி வளர்ந்துள்ள உயர்ந்த குடியிருப்புகளில் வாழும் இளம் தம்பதிகள், தோட்டம் என்பதையே அறியாத பிளாட்டுக்குள், காது இன்னும் நிமிராத அல்சேஷன் குட்டி ஒன்றை மிகுந்த ஆசையோடு மடியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். குட்டியின் காது நிமிர்ந்து, உடல் நீண்டு, குரல் தடிக்கும் பருவத்தில் அசோசியேஷன் கூட்டங்களில் அதன் பெயர் அடிபடத் தொடங்குகிறது.

இத்தகைய பெரிய, குரல் கனத்த நாய் மாடி வீட்டு வாழ்க்கைக்கு ஏற்றதுதானா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே கிடைக்கும். பெரிய நாய்க்குப் பெரிய இடம் வேண்டும், ஆகையால் கூடாது என்பார் ஒருவர். அன்பாக வைத்துக்கொண்டால் நாய் எங்கும் இருந்துவிடும், ஆகையால் கவலை வேண்டாம் என்பார் மற்றொருவர். இரண்டும் விஷயத்தைத் தொடாமலே கடந்துபோகும் பதில்கள் என்பது என் அபிப்பிராயம். தோளுயரம் 80 சென்டிமீட்டரை எட்டும் கிரேட் டேன், காலையிலும் மாலையிலும் நடத்திக் கூட்டிவந்துவிட்டால் நாளின் பெரும்பகுதியை ஒரு மூலையில் படுத்தே கழித்துவிடும். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொமரேனியனோ, கீழே ஒரு ஸ்கூட்டர் கிளம்பினாலும் கட்டடம் முழுதும் அறியும்படி கத்தித் தீர்த்துவிடும். உருவத்தை அளந்து பார்த்து முடிவுக்கு வருவதில் பிரயோஜனம் இல்லை. ஒரு ஜாதி நாயைத் தலைமுறை தலைமுறையாக எந்தத் தொழிலுக்காக மனிதன் பழக்கி உருவாக்கினான், அந்தத் தொழிலில் அதன் குரலுக்கு என்ன வேலை இருந்தது, மாடி வீட்டின் சூழ்நிலை அந்தக் குரலை அமைதிப்படுத்துமா தூண்டிவிடுமா என்பவற்றைச் சேர்த்து ஆராய்ந்தால்தான் நியாயமான விடை கிடைக்கும்.

அல்சேஷன் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டின் வம்ச சரித்திரம் மிகப் பழமையானதன்று. ஜெர்மானியக் குதிரைப்படையில் காப்டனாக இருந்து விலகிய மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்பவர், 1899-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கார்ல்ஸ்ரூஹே நகரத்து நாய்க் கண்காட்சியில், ஓநாயின் சாயல் கொண்ட ஒரு மந்தை நாயைக் கண்டு மனம் பறிகொடுத்து, அதை விலைக்கு வாங்கி, ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று புதுப்பெயர் சூட்டி, அதே மாதத்தில் தாம் நிறுவிய சங்கத்தின் வம்சப் பதிவேட்டில் முதல் நாயாகப் பதிவு செய்தார். முதல் உலக யுத்தத்தை அடுத்து, ஜெர்மனி என்ற பெயரே கசந்துபோயிருந்த இங்கிலாந்தில் அந்த நாய் அல்சேஷன் ஆயிற்று. அந்நாட்டுக் கென்னல் கிளப் 1977-இல் பழைய பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்ட பிறகும் நம் ஊரில் அல்சேஷன் அல்சேஷனாகவே இருந்துவருகிறது.

ஆனால் நம் கேள்விக்கு உதவுவது பெயரின் கதையைக் காட்டிலும் தொழிலின் கதை. ஜெர்மனியின் விவசாயப் பகுதிகளில் ஆடு மேய்க்கும் நிலத்துக்கும் பயிர் நிற்கும் வயலுக்கும் இடையே பல இடங்களில் வேலி கிடையாது. நூற்றுக்கணக்கான ஆடுகள் கொண்ட மந்தை ஒன்று, வயலை ஒட்டிய குறுகிய புல்தரையில் மேய்ந்துகொண்டே நகரும்போது, ஓர் ஆடும் பக்கத்து வயலில் வாய் வைத்துவிடாதபடி, நாய் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே மணிக்கணக்கில் போய்வந்து போய்வந்து, தானே வேலியாக நிற்க வேண்டும். மேய்ப்பர்கள் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தது, நாள் முழுதும் ஓடினாலும் சோராத கால்களும், எல்லையை எது அணுகினாலும் உடனே திரும்பும் கண்ணும் காதும், அடுத்த கட்டளை எப்போது வரும் என்று மேய்ப்பனின் முகத்தையே பார்த்து நிற்கும் மனமும் உள்ள நாய்களை. இந்தக் குணங்களைக் கண்டுதான் போலீஸும் ராணுவமும் பின்னர் இந்த நாயைத் தமதாக்கிக்கொண்டன. 1916-இல் ஓல்டன்பர்க் நகரில், யுத்தத்தில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்க ஒரு பள்ளி ஏற்பட்டபோது, அந்தப் பணிக்கும் இந்த ஜாதியே பொருத்தமாக இருந்தது. முழு வளர்ச்சி பெற்ற ஆண் நாய் 60 முதல் 65 சென்டிமீட்டர் உயரமும் 30 முதல் 40 கிலோ எடையும் உள்ளது. எல்லையைக் காப்பதையே பிறவிக் கடமையாகக் கொண்ட இந்தப் பிராணியை 1,000 சதுர அடி வீட்டில் கொண்டுவந்து விட்டால், அது எல்லை என்று எதைக் கொள்ளும்? வாசற்கதவைத்தான்.

மூன்றாம் மாடி வாசற்கதவின் தன்மையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். தனி வீட்டில் தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவே முப்பதடித் தோட்டம் இருந்தது. தெருவில் போகிறவன் தெருவிலேயே போய்விடுவான். இரும்புக் கதவைத் திறந்து உள்ளே வருகிறவன் மட்டுமே நாயின் கவனத்துக்கு உரியவன். மாடி வீட்டிலோ கதவுக்கு வெளியே நான்கடி அகலத்தில் பொது நடைவழி இருக்கிறது. விடியற்காலை பால் பாக்கெட் போடுகிற பையன், பேப்பர்காரர், குப்பை வாங்க வருகிற அம்மாள், கேன் தண்ணீரைத் தோளில் சுமந்து வருகிறவர், சிலிண்டர்காரர், அயர்ன் துணி கொண்டுவருகிறவர், நாளெல்லாம் ஓயாத கூரியர்காரர்கள், எதிர்வீட்டுக் குழந்தைகள், அவர்களுடைய தாத்தா என்று, பத்து அடிக்குள் நாற்பது ஐம்பது தடவை காலடி ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் நான் ஒரு காலை நேரம் உட்கார்ந்து இதைக் கவனித்ததுண்டு. லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து கிளம்பும்போதே, நமக்கு எதுவும் கேட்காத நிலையில், படுத்திருந்த நாயின் இடது காது மட்டும் கதவின் பக்கம் திரும்பிற்று. லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டியதும் தலை நிமிர்ந்தது. அது மூன்றாம் மாடியில் நின்று கதவு திறந்த கணத்தில் நாய் வாசலில் நின்றது. பார்சலை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர் இறங்கிப் போகும்வரை அது குரைத்தது. அவர் இறங்கியதும், தன் காரியம் முடிந்தது என்று திருப்தியோடு ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

அந்தப் பெருமூச்சில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. கூரியர்காரர் தம் வேலை முடிந்ததால் போனார். தான் குரைத்ததால் போனார் என்று நாய் எடுத்துக்கொள்கிறது. அந்நியன் வந்தான், குரைத்தேன், ஓடிவிட்டான் என்ற இந்த அனுபவம் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வெற்றியில் முடிகிறபோது, எந்தப் பயிற்சியாளராலும் கொடுக்க முடியாத அளவுக்குக் குரைப்பதற்கான பயிற்சி அதற்குக் கிடைத்துவிடுகிறது. உள்ளிருந்து யஜமானர் "சும்மா இரு, சும்மா இரு" என்று உரக்கக் கத்துவதையும், தன்னோடு சேர்ந்து அவரும் குரைக்கிறார் என்றே அது நினைத்துக்கொள்வதாகத் தோன்றுகிறது. தனி வீட்டில் அளவோடு குரைத்து வந்த நாய், மாடிக்கு வந்த ஆறு மாதத்தில் ஓயாமல் குரைப்பதாக மாறுவதற்குக் காரணம் அதன் துஷ்ட சுபாவம் அன்று. அதன் எல்லை அதற்கு ஓய்வே கொடுக்காத இடத்தில் அமைந்துவிட்டது என்பதே.

குரைப்பு எல்லாம் ஒரே குரைப்பும் அன்று. வளர்ந்த ஓநாய்கள் அபூர்வமாகவே குரைக்கின்றன. இத்தனை வகையாகக் குரைப்பது மனிதனோடு வாழ வந்த நாய்க்கே உரிய வழக்கம். ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் உள்ள ஓட்வோஷ் லோராந்த் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், முடி என்னும் அந்நாட்டு மந்தை நாய்களின் குரைப்பைப் பல சந்தர்ப்பங்களில் ஒலிப்பதிவு செய்து, சாதாரண மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, நாய் வளர்த்த அனுபவமே இல்லாதவர்களும், இது அந்நியனைக் கண்டு குரைப்பது, இது தனியே கட்டிப்போட்டதால் குரைப்பது, இது விளையாட்டு என்று ஓரளவு சரியாகப் பிரித்துச் சொன்னார்கள் என்று 2005-இல் எழுதினார்கள். அந்நியனைக் கண்ட குரைப்பு தாழ்ந்த சுருதியில், இடைவிடாமல், கரகரப்பாக வரும். தனிமையில் வரும் குரைப்பு உயர்ந்த சுருதியில், ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு விட்டு, ஒரே மாதிரியாக வரும். சில சமயம் நீண்ட ஊளையாக முடியும்.

இந்த இரண்டாவது குரைப்பைப் பெரும்பாலும் நாயின் சொந்தக்காரர்கள் கேட்பதே இல்லை என்பது மாடி வீட்டு வாழ்க்கையின் பெரிய சோகம். ஒரு குடியிருப்பின் மாடிப்படியில், வேலையிலிருந்து திரும்பிய இளம் பெண்ணை நிறுத்தி அடுத்த வீட்டு மூதாட்டி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்: "நீ கிளம்பினப்புறம் அது குரைக்கலைம்மா, அழுவுது. மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் அழுதுட்டு, அப்புறம் கதவைப் பிராண்டிக்கிட்டே இருக்கு. உன்னைக் குத்தம் சொல்ல வரலை, கேக்கவே மனசு தாங்கலை." அந்தப் பெண் திகைத்துப்போய், "நான் வரும்போது வாலை ஆட்டிக்கிட்டு நல்லா நிக்குதே ஆன்ட்டி, எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். இருவர் சொன்னதும் உண்மை. கட்டளைக்காக ஒரு மனிதனின் முகத்தை எதிர்பார்த்து நிற்கும்படி உருவாக்கப்பட்ட பிராணிக்கு, அந்த முகம் காலை எட்டு மணிக்கு மறைந்து இரவு எட்டு மணிக்குத்தான் தோன்றும் என்றால், நடுவிலுள்ள பன்னிரண்டு மணி நேரமும் வேதனையே. அயலாரின் புகாரை வசையாக எடுத்துக்கொள்ளாமல், பழைய செல்போன் ஒன்றை ஒலிப்பதிவில் வைத்துவிட்டுப் போய் மாலையில் கேட்டுப் பார்ப்பவர்கள், தம் நாயைப் பற்றி ஒரே நாளில் மிகுதியாகத் தெரிந்துகொள்வார்கள்.

சப்தத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும். பெரிய நாயின் குரைப்பு அருகிலிருந்து அளந்தால் 90 டெசிபலை எளிதில் எட்டும். மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் ஒலியின் சக்தியைப் பத்து மடங்காக்குவது. ஆகவே இந்த வித்தியாசம் காகிதத்தில் தெரிவதைவிட மிகப் பெரியது. குளிர் நாடுகளில் ஜன்னல்கள் சாத்தியே இருக்கும். நம் ஊரில் காற்றுக்காக எல்லாம் திறந்தே கிடப்பதால், சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், குளியலறைக் கண்ணாடிப் பலகைகளின் வழியாகவும் குழாய்கள் இறங்கும் இடைவெளியின் வழியாகவும் சப்தம் மேலும் கீழும் பரவுகிறது. மாடிப்படிக் கூண்டோ அதை எதிரொலித்துப் பெருக்குகிறது. இரவு வேலை முடித்துப் பகலில் நித்திரை செய்கிற நர்ஸும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், இருதய நோயாளியும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய கஷ்டம் உண்மையான கஷ்டம். நாய்ப் பிரியர்கள் அதை அலட்சியம் செய்வது தர்மமாகாது.

அதே சமயம், அசோசியேஷன் கூடித் தீர்மானம் போட்டு நாயை வெளியேற்றிவிடலாம் என்று நினைப்பவர்களும் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். ராஜ்ய சபையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாவே வித்தாக அமைந்து, 1960-இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1962-இல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் நெடுங்காலம் நம் சென்னையிலேயே இருந்தது. அந்த வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பெரும்பான்மைத் தீர்மானத்தினால்கூட வளர்ப்பு நாய்களைத் தடை செய்ய முடியாது என்றும், உருவத்தையோ ஜாதியையோ குரைப்பதையோ தடைக்குக் காரணமாகக் காட்டக்கூடாது என்றும் கூறுகின்றன; கூடவே, முக்கியமாக இரவு நேரத்தில் நாய் அமைதியாக இருக்க முயற்சி செய்வதும், பொது இடத்தில் வார் பிடித்தே அழைத்துச் செல்வதும், அசுத்தத்தை அகற்றுவதும் வளர்ப்பவர்களின் பொறுப்பு என்றும் அறிவுறுத்துகின்றன. சொந்தக்காரர்கள் கவனிக்காமல் விடுகிற வேறொரு பிரிவும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்குத் தகுந்த நடமாட்டம் தராமல் இருப்பதே அதன்படி வதை. பால்கனியில் சங்கிலி போட்டு நாயை நிறுத்திவைப்பது பலருக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. சட்டத்தின் கண்ணில் அது சாதாரணமன்று.

நடமாட்டம் என்று சொல்லும்போது, ஆடுகளோடு நாள் முழுதும் ஓடிய வம்சத்துக்குக் கீழே இறங்கிக் கால் தூக்கிவிட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்புவது போதவே போதாது. இளமையான அல்சேஷனுக்குக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்ற கணக்கில் நடையும் ஓட்டமும் வேண்டும். சென்னையின் வெயிலில் இது எளிய காரியமன்று. இந்த நாயின் உடலில் மென்மையான உள்மயிரும் கரடுமுரடான மேல்மயிருமாக இரண்டு அடுக்கு உரோமம் இருக்கிறது. கோடைக்காக அதை மழித்துவிடுவது உதவி என்று நினைத்துச் சிலர் செய்துவிடுகிறார்கள், ஆனால் தோலை வெயிலிலிருந்து காக்கும் திரையே அதனால் போய்விடுகிறது. வாயால் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்க வேண்டிய பிராணியைச் சித்திரை வைகாசியில் காலை ஆறரை மணிக்குப் பிறகு தார்ச் சாலையில் நடத்தலாகாது. புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, மழையானாலும் பண்டிகையானாலும் தவறாமல் இறங்குகிற ஒருவர் அந்த வீட்டில் உண்டா என்பதே, சதுர அடிக் கணக்கை விட முக்கியமான கேள்வி.

கட்டடமும் நாயின் உடலைப் பாதிக்கும். அல்சேஷன்களுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் பரம்பரைக் கோளாறு அதிகம். பளபளக்கும் டைல்ஸ் தரையில் குட்டி தினமும் வழுக்கி விழுவதும், எலும்பு முதிராத பருவத்தில் மூன்று மாடிப் படிகளைத் தினம் பலமுறை ஏறி இறங்குவதும் அந்தக் கோளாறை வளர்க்கும். அது நடமாடும் வழியிலாவது வழுக்காத விரிப்புப் போட்டுவிட வேண்டும். இந்த ஜாதி சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழ்கிறது. கடைசி வருஷங்களில் பின்னங்கால்கள் தளர்ந்துவிடக்கூடும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், அல்லது லிஃப்ட் பழுதாகி நின்ற நாளில், 35 கிலோ எடையுள்ள வயோதிக நாயை ஒரு நாளைக்கு நான்கு தடவை கையில் தூக்கி இறங்கும் வலிமை வீட்டில் யாருக்கு உண்டு என்று குட்டி வாங்கும் அன்று யாரும் யோசிப்பதில்லை. யோசித்தாக வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், மாடி வீட்டில் அல்சேஷனை நன்றாகவே வளர்த்துவருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன என்று பார்த்தால், எல்லாம் அந்த வாசற்கதவைச் சுற்றியே அமைந்திருக்கிறது. நாயின் படுக்கையைக் கூடத்திலிருந்து எடுத்து, நடைவழிக்கு மிகத் தூரமான உள்ளறைக்கு மாற்றிவிடுகிறார்கள். கிரில் கதவின் கீழ்ப்பாதியைப் பலகையால் மறைத்துவிடுகிறார்கள். வெளிச் சப்தம் துலங்காதபடி மின்விசிறியோ வானொலியோ மெல்ல ஓடுகிறது. இவற்றைவிட மேலான வழி, அதற்கு ஓசைக்குப் பதிலாக வேறொரு கடமையைக் கொடுத்துவிடுவது. அழைப்பு மணி அடித்தால் உள்ளறைப் பாய்க்குப் போய்ப் படுக்க வேண்டும், படுத்தால் தின்பண்டம் உண்டு என்று முதலில் வீட்டார் ஒருவரே மணியடித்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வீதம் சில வாரம் பழக்கினால், கட்டளைக்காகக் காத்திருக்கும் இந்த ஜாதி விரைவில் கற்றுக்கொள்ளும். மேலே நான் சொன்ன அதே வீட்டில், பின்னொரு சமயம் மணி அடித்தபோது, அந்த நாய் எழுந்து, வாசலை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்து, ஒரே ஒரு தடவை குரைத்து, வீட்டம்மாள் "போதும்டா கண்ணா" என்றதும் உள்ளே திரும்பிப் பாயில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு குரைப்பை அவர் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. அது செய்தி. செய்தி கிடைத்தது என்று யஜமானர் தெரிவித்துவிட்டால் நாய்க்கு மேலும் சொல்ல அவசியமில்லை.

மூக்குக்கும் வேலை கொடுக்க வேண்டும். காலை ஆகாரத்தைத் தட்டில் கொட்டிவிடாமல், வீட்டின் பல மூலைகளிலும் சிறிது சிறிதாக ஒளித்துவைத்துத் தேடச் சொன்னால், இருபது நிமிஷத் தேடலில் அது களைத்து அயர்ந்து தூங்கும். இவற்றையெல்லாம் செய்யப் பொறுமை இல்லாதவர்கள்தான் குரைத்தால் மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப் பட்டையைக் கடையில் தேடுகிறார்கள். அது அந்நியன் வருகையையும் வலியையும் நாயின் மனத்தில் ஒன்றாக முடிந்துவைத்து, குரைத்த நாயைக் கடிக்கும் நாயாக்கக்கூடியது. குரல்வளையில் சஸ்திர சிகிச்சை செய்து குரலையே போக்கிவிடும் கொடிய வழக்கத்தை 1987-ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்படிக்கை விலக்கியிருக்கிறது. மனசாட்சியுள்ள எவரும் அதைக் கேட்கவும் கூசுவார்கள்.

மற்ற பெரிய ஜாதிகளுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள மலைகளில் ஓநாயும் கரடியும் வராமல் இரவெல்லாம் குரைத்து மந்தையைக் காத்த கிரேட் பிரனீஸ், இரவில் குரைப்பதையே தொழிலாகக் கொண்டது; அதை அடுக்குமாடிக்குக் கொண்டுவருவது அதற்கும் அயலாருக்கும் செய்யும் அநீதி. சைபீரியாவின் பனியில் கூட்டமாக வண்டி இழுத்த ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடுவதில் வல்லது. நம் வெயிலில், பூட்டிய அறைக் குளிரில் அதைத் தனியே வைத்திருப்பது எனக்கு எவ்விதத்திலும் சம்மதமில்லை. நம்முடைய ராஜபாளையமும் கோம்பையும் நம் வெயிலைத் தாங்கும், விசுவாசத்தில் எந்தச் சீமை நாய்க்கும் குறைந்தவையல்ல. 2005-இல் தபால் தலையில் இடம்பெற்ற பெருமையும் ராஜபாளையத்துக்கு உண்டு. எனினும் தோட்டமும் பண்ணையும் காத்துப் பழகிய அவற்றுக்கு, அந்நியர் ஓயாமல் நடமாடும் மாடி வாசல் அல்சேஷனுக்கு இருப்பதைவிடக் கடினமாகவே இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. கணவன் மனைவி இருவரும் காலையில் வெளியேறி இரவில் திரும்புகிற வீட்டில், அது ஆயிரம் சதுர அடியானாலும் மூவாயிரம் சதுர அடியானாலும், அல்சேஷன் வேண்டாம். பகலில் வீட்டிலேயே இருக்கும் ஒரு பெரியவரோ, வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒருவரோ உண்டு, அதிகாலையில் இறங்கி நடக்கும் கால்கள் உண்டு, முதல் ஒரு வருஷத்தைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கும் பொறுமை உண்டு, லிஃப்டும் உண்டு என்றால், மூன்றாம் மாடியிலும் அது சந்தோஷமாக வாழும். அப்படிப்பட்டவர்களும் குட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், பிராணிகள் காப்பகத்துக்கு ஒரு தடவை போய்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விடப்பட்ட அல்சேஷன்கள் அங்கே இருக்கக்கூடும்; வளர்ந்த நாய்களாகையால் அவற்றின் குரலும் சுபாவமும் எப்படிப்பட்டவை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். சில நாள் உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். அடுத்த வீட்டுக்காரரிடமும் முன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.